‘ரெட்டை என்றால் அப்படித்தான் இருக்கும்’: ஓர் இரட்டைக் கர்ப்பத்தில் தாய்க்கு நேர்ந்த ஆபத்து

கொங்குப் பகுதியின் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். இங்கே எழுதியிருப்பது எங்கள் பார்வையில் இருந்த ஒரு தாயின் கர்ப்பம், பிரசவம், அதற்குப் பிந்தைய மூன்று மாதங்கள் ஆகியவற்றின் பதிவு. அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்களும் மருத்துவமனைகளின் பெயர்களும் இதில் இல்லை. தவறுகளில் சில என்னுடையவை. அவற்றை மறைத்தால் இதை எழுதுவதில் பயனில்லை.

## பின்னணி

அந்தப் பெண்ணுக்கு வயது 31. மணமாகி ஏழு ஆண்டுகள். கணவர் வீடு பெருந்துறைப் பக்கம், விசைத்தறி ஓட்டும் குடும்பம். தாய்வீடு மூலனூர்ப் பக்கத்தில், முருங்கையும் சோளக்காடும் வெள்ளாடுகளுமாக இருக்கும் ஒரு தோட்டத்துச் சாளை. பக்கத்து வீட்டுக்குப் போகவே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள் குழந்தையின்மைச் சிகிச்சை எடுத்த பிறகு, சோதனைக்குழாய் முறையில் இரண்டாவது முயற்சியில் கரு தங்கியது. இரண்டு கருக்கள் வைக்கப்பட்டன, இரண்டுமே தங்கின. ‘ஒரே செலவில் இரண்டு பிள்ளைகள்’ என்று குடும்பம் மகிழ்ந்தது. நிலத்தை அடகு வைத்துச் சிகிச்சை எடுத்தவர்கள் அப்படி எண்ணுவதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு கருக்களை வைப்பதால் தாயின் உடலுக்கு என்ன கூடுதல் ஆபத்து என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. குறைப்பிரசவமாகலாம், பிள்ளைகள் எடை குறைவாகப் பிறக்கலாம் என்று மட்டும் சொல்லப்பட்டதாகக் கணவர் பின்னாளில் என்னிடம் கூறினார்.

12 வாரத்தில் எடுத்த ஸ்கேனில் இரண்டு நஞ்சுக்கொடிகள் தனித்தனியே இருப்பது தெளிவாகத் தெரிந்தது. இரட்டைக் கர்ப்பத்தில் முதலில் தெரிய வேண்டிய செய்தி இது. ஒரே நஞ்சுக்கொடியை இரு சிசுக்கள் பகிர்ந்துகொண்டால், ஒன்றின் இரத்தம் மற்றொன்றுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. அதற்கு இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும். 11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்தால் இது எளிதில் தெரியும். நாள் கடந்தால் சொல்வது கடினம். இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிக்கல் இருந்தது தாயிடம்.

பதிவின்போது உயரம் 151 செ.மீ., எடை 69 கிலோ, இரத்த அழுத்தம் 104/66, ஹீமோகுளோபின் 10.6 கிராம். சிறுநீரில் புரதம் இல்லை.

முதல் கர்ப்பம், இரட்டை, சோதனைக்குழாய் முறை, கூடுதல் எடை. இந்த நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளை, இரத்தம் என்று தாயின் உறுப்புகளைப் பாதிக்கும் நோய் அது. இரட்டைக் கர்ப்பம் என்ற ஒன்று மட்டுமே அந்த வாய்ப்பை இரண்டு முதல் மூன்று மடங்காக்கிவிடும். நஞ்சுக்கொடியின் பரப்பு பெரிது. அதிலிருந்து தாயின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் பொருள்கள் வெளிப்படுவதும் அதிகம். போதாததற்கு, ஒற்றைக் கர்ப்பத்தைவிட இதயம் சுமார் 20 விழுக்காடு கூடுதலாக இரத்தத்தை இறைக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது காரணம் ஒன்றும் இருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

## நின்றுபோன ஒரு மாத்திரை

கருத்தரிப்பு மையத்தில் இவருக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் தரப்பட்டிருந்தது. 13 வாரத்தில் அட்டை தீர்ந்தது. ‘கரு தங்குவதற்காகக் கொடுத்தது, தங்கிவிட்டது, இனி வேண்டாம்’ என்று குடும்பம் நினைத்தது. கணவர் ஊர்ப் பக்கம் பார்த்த மருத்துவரும் அதைத் தொடரச் சொல்லவில்லை.

நிறுத்தப்பட்ட அந்த வாரத்தில்தான் அது உண்மையில் தொடங்கப்பட வேண்டும். ப்ரீஎக்ளாம்ப்சியா ஆபத்து உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12 வாரத்திலிருந்து, 16 வாரம் கடக்கும் முன்பே தொடங்கி, பொதுவாக 36 வாரம் வரை இரவில் கொடுக்கிறோம். கொடுத்திருந்தால் இவருக்கு நோயே வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் விலை மலிவான, பாதுகாப்பான ஒரு வழி, இது யாருடைய வேலை என்று தெளிவாக இல்லாததால் கைவிட்டுப் போனது.

22 வாரத்தில் ஹீமோகுளோபின் 9.4 ஆக இறங்கியது. அங்கிருந்த சுகாதார நிலையத்தில் நான்கு தவணை இரும்புச் சத்து ஊசி நரம்பு வழியாக ஏற்றினார்கள். 28 வாரத்தில் 10.8 ஆனது. இதற்கு அந்த நிலையத்தைப் பாராட்ட வேண்டும். பின்னால் இரத்தப்போக்கு வந்தபோது கூடுதலாக ஏறிய அந்த 1.4 கிராம் இவருக்குத் துணை நின்றது. 25 வாரத்தில் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 132, சிக்கலில்லை.

## கட்டுச்சோறும் கை மாறிய பதிவும்

ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு விருந்து வைத்து, 28 வாரம் முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். நல்ல வழக்கம், மகளுக்கு ஓய்வும் அம்மாவின் சமையலும் கிடைக்கும். ஆனால் மருத்துவக் கண்ணோட்டத்தில், ஆபத்து ஏறும் நேரத்தில்தான் கர்ப்பிணி ஒரு செவிலியரின் கண்காணிப்பிலிருந்து நழுவி இன்னொருவரிடம் வந்து சேர்கிறார். கணினிப் பதிவு எண் இருக்கிறது. அதைத் தட்டினால் விவரம் வரும். ஆனால் ‘முகம் இப்படி இருந்ததில்லையே’ என்று சொல்லக்கூடிய கண் மாறிவிடுகிறது.

தாய்வீட்டில் இன்னொன்றும் நடந்தது. ‘தவமிருந்து வந்த பிள்ளைகள், கட்டிலை விட்டு இறங்காதே அம்மணி’ என்று அம்மாவும் பாட்டியான அம்மிச்சியும் சொல்லிவிட்டார்கள். குளிக்கவும் கழிப்பறைக்கும் தவிர எழவில்லை. இரட்டைக் கர்ப்பத்தில் முழு நேரப் படுக்கை குறைப்பிரசவத்தைத் தடுப்பதில்லை. காலில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். அதை நான் அப்போது கேட்டறியவில்லை.

29 வாரத்தில் முதல்முறை எங்கள் நிலையத்துக்கு வந்தார். இரத்த அழுத்தம் 122/78. சிறுநீரில் புரதம் இல்லை. இரு கால்களிலும் வீக்கம். மூச்சு வாங்குகிறது, இரவில் தூக்கம் வரவில்லை என்றார். வயிறு 34 வாரத்துக்கு உரிய அளவில் இருந்தது. ‘ரெட்டை என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி அனுப்பினேன். இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருப்பது என் வாயிலிருந்து வந்த வாசகம்.

அன்று அது பொய்யும் அல்ல. இரட்டைக் கர்ப்பத்தில் வீக்கமும் மூச்சிரைப்பும் நெஞ்செரிச்சலும் வருவது உண்மை. ஆனால் நான் அப்படிச் சொன்னபிறகு அந்த வீடு முழுவதும் அதையே சொல்லத் தொடங்கியது. அடுத்து எந்த உபாதை வந்தாலும் அதற்கு விடை தயாராக இருந்தது.

31 வாரத்தில் இரண்டாவது வருகை. இரத்த அழுத்தம் 134/84. சிறுநீரில் புரதம் மிகச் சிறிதளவு. இரண்டு வாரத்தில் எடை 2.8 கிலோ கூடியிருந்தது. மோதிரம் கழற்ற வரவில்லை என்றும், முகம் உப்பியிருக்கிறது என்றும் எங்கள் கிராம சுகாதார செவிலியர் குறித்து வைத்தார். நான் 140/90 என்ற எல்லையைப் பார்த்தேன். அதற்குக் கீழே இருந்தது. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

பதிவு அட்டையின் முதல் பக்கத்தைத் திருப்பியிருந்தால் 104/66 கண்ணில் பட்டிருக்கும். மேல் அழுத்தம் முப்பது ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் புரதத்தின் சாயலும் முக வீக்கமும் எடை ஏற்றமும் கூட இருக்கும்போது, இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி பார்த்து, இரத்தப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும். நான் கொடுத்த இரண்டு வார இடைவெளி முடிவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

## சனிக்கிழமை இரவு முதல் ஞாயிறு மாலை வரை

32 வாரமும் நான்கு நாளும் ஆன சனிக்கிழமை இரவு, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி தொடங்கியது. இரண்டு முறை வாந்தி. சீரகத் தண்ணீர் கொடுத்தார்கள். ‘மேலே இருக்கும் பிள்ளை மிதிக்கிறது’ என்றார் அம்மிச்சி. ஞாயிறு காலை மருந்துக் கடையிலிருந்து வயிற்றுப் புண்ணுக்கான திரவ மருந்து வந்தது. பகல் பதினொரு மணிக்கு ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள்; அமிலத்தைக் குறைக்கும் ஊசி போடப்பட்டது. அங்கே இரத்த அழுத்தம் பார்க்கப்படவில்லை.

இருபது வாரம் கடந்த கர்ப்பிணிக்கு மேல்வயிற்றில் வலி என்றால், அது வேறு என்று தெரியும்வரை கல்லீரலின் வலி என்றே கொள்ள வேண்டும். கல்லீரல் வீங்கி அதன் மேலுறை இழுபடும்போது வரும் வலி அது. நெஞ்செரிச்சல் மருந்துக்குச் சற்று அடங்குவதுபோலத் தோன்றி ஏமாற்றும்.

அன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் செவிலியர் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள். 31 வாரத்தில் பார்த்த முகம் மனதை விட்டு அகலவில்லை என்று பிறகு சொன்னார். ‘நன்றாக இருக்கிறீர்களா’ என்று கேட்காமல், ‘தலை வலிக்கிறதா? கண் மங்குகிறதா? மேல்வயிறு வலிக்கிறதா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நேற்றிலிருந்து வயிறு வலி, மதியத்திலிருந்து தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல இருக்கிறது என்று பதில் வந்தது.

இரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் எட்டு கிலோமீட்டர் போனார். 6.40 மணிக்கு அவர் பார்த்த அளவு 168/112. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார், அதே அளவு. அங்கிருந்தே 108-க்கும் எனக்கும் அழைத்தார்.

இந்த நிகழ்வில் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது என்றால், அது அந்தச் சாளைத் திண்ணையில்தான் நடந்தது. பிறகு நாங்கள் எல்லோரும் செய்தவை அவர் திறந்துவைத்த வழியில் செய்தவை.

## சுகாதார நிலையத்தில் நாற்பத்தைந்து நிமிடம்

7.25-க்கு வந்து சேர்ந்தார்கள். இரத்த அழுத்தம் 172/114. சிறுநீரில் புரதம் மூன்று கூட்டல். வலது விலா எலும்புக்குக் கீழே தொட்டாலே துடித்தார். முழங்காலைத் தட்டினால் கால் வழக்கத்தைவிட வேகமாக எகிறியது. வலிப்பு அருகில் இருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. குழாய் போட்டபோது வந்த சிறுநீர் பால் கலக்காத கட்டஞ்சாயாவின் நிறத்தில் இருந்தது. இரு சிசுக்களின் இதயத்துடிப்பும் சீராக இருந்தது.

முதல் முடிவு மெக்னீசியம் சல்பேட். வலிப்பைத் தடுக்க இதற்கு இணையான மருந்து இல்லை. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு, இது வலிப்பு ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று நிறுவியது. அனுப்பும் முன்பே முதல் தவணையைக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நெறிமுறை. நரம்பில் நான்கு கிராம் மெதுவாகவும், இரு பிட்டங்களிலும் ஐந்தைந்து கிராமும் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு கணம் தயங்கினேன். சிறுநீரின் நிறத்தைப் பார்த்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று தோன்றியது. அப்படியானால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருக்கலாம். தசையில் ஆழமாக ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும். நரம்பில் மட்டும் கொடுத்து அனுப்பினால், ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அளவு பிசகாமல் ஏற்ற பம்ப் வேண்டும், எங்களிடம் இல்லை. ஓடும் வண்டியில் வலிப்பு வருவதைவிடப் பிட்டத்தில் இரத்தம் கட்டுவது மேல் என்று முடிவு செய்து இரண்டையும் கொடுத்தேன். பின்னர் வலது பிட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம் கட்டியது. மூன்று வாரத்தில் கரைந்தது.

இரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின் 10 மில்லிகிராம் விழுங்கக் கொடுத்தோம். இருபது நிமிடம் கழித்து 164/108, இன்னொன்று கொடுத்தோம். புறப்படும்போது 152/100. அதற்கு மேல் அவசரமாக இறக்கக் கூடாது. நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும். சிசுக்களின் நுரையீரலுக்காக டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராமின் முதல் ஊசி போட்டோம்.

இரண்டாவது முடிவு, எங்கே அனுப்புவது என்பது. இருபது நிமிடத் தொலைவில் ஒரு மருத்துவமனை உண்டு. அறுவை சிகிச்சை செய்வார்கள், ஆனால் அந்த இரவில் தட்டணு கிடைக்காது, பச்சிளங்குழந்தைகளுக்குச் செயற்கைச் சுவாசம் இல்லை. கணவர் பெருந்துறையிலிருந்து தொலைபேசியில், ‘எங்களைப் பார்த்த கருத்தரிப்பு மையத்துக்கே கொண்டு போங்கள், எல்லா விவரமும் அவர்களிடம்தான் இருக்கிறது’ என்று கெஞ்சினார். அங்கே போக மூன்று மணி நேரம் ஆகும். இரத்த வங்கி, பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பிரிவு மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடங்களில் அருகில் இருந்தது ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அங்குள்ள மகப்பேறு மருத்துவரை அழைத்து, இரத்த வகையைச் சொல்லி, நான்கு யூனிட் இரத்தமும் தட்டணுவும் தயாராக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

வண்டியில் ஏற்றும்வரை உறவினர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘டாக்டரம்மா, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதே?’ கதவை மூடும்போதுதான் அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து, ‘என் மகள் பிழைத்துக்கொள்வாளா?’ என்று கேட்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே சொன்னார்: ‘இவளைப் பெற்றபோது எனக்கும் இப்படித்தான் தலைவலி வந்து ஜன்னி கண்டது.’

அதுதான் ஐந்தாவது காரணம். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கூடும். ‘குடும்பத்தில் யாருக்காவது இரத்த அழுத்தம் உண்டா’ என்று பதிவின்போது கேட்கிறோம், ‘இல்லை’ என்றார்கள். ஜன்னி என்று ஊரில் சொல்லும் பேறுகால வலிப்பை யாரும் இரத்த அழுத்தம் என்று நினைப்பதில்லை.

8.10-க்கு வண்டி புறப்பட்டது. எங்கள் பணிச் செவிலியர் ஒருவர் கூடப் போனார். மெக்னீசியம் மிஞ்சினால் மூச்சு குறையும்; அதற்கு மாற்றான கால்சியம் குளுக்கோனேட் ஊசியில் ஏற்றித் தயாராக அவர் கையில் இருந்தது.

## அறுவை அரங்கில்

9.45-க்கு அவசரப் பிரிவில் நேராக எடுத்துக்கொண்டார்கள். தட்டணுக்கள் 62,000. கல்லீரல் நொதி 380. இரத்தப் பூச்சில் உடைந்த சிவப்பணுக்கள். சிவப்பணு உடைதல், கல்லீரல் நொதி ஏற்றம், தட்டணுக் குறைவு மூன்றும் சேர்ந்து வரும் இந்த நிலைக்கு அமெரிக்க மருத்துவர் லூயிஸ் வைன்ஸ்டைன் 1982-ல், அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, ‘ஹெல்ப்’ (HELLP) என்று பெயரிட்டார். ப்ரீஎக்ளாம்ப்சியாவின் மிகக் கடுமையான முகம் இது. பிரசவம் ஒன்றுதான் சிகிச்சை. நுரையீரல் ஊசியின் முழுத் தவணைக்காக இரண்டு நாள் காத்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள். நள்ளிரவில் தட்டணு 48,000 ஆக இறங்கியது அந்த முடிவுக்கு வலு சேர்த்தது.

முதல் சிசுவின் தலைக்குப் பதில் இடுப்பு கீழே இருந்ததால் சிசேரியன். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் அங்கே இரத்தம் கசியக்கூடும் என்பதால் முழு மயக்கம். தட்டணுக்கள் ஏற்றிய பிறகு, திங்கள் அதிகாலை 2.20-க்குப் பெண் குழந்தை 1.58 கிலோ, ஒரு நிமிடம் கழித்து ஆண் குழந்தை 1.42 கிலோ.

குழந்தைகள் வெளியே வந்ததும் எல்லோர் கண்ணும் அவர்கள் பக்கம் திரும்புவது இயல்பு. அப்போதுதான் கருப்பை சுருங்காமல் தளர்ந்தது. இரண்டு குழந்தைகளுக்காக அளவு மீறி விரிந்த கருப்பை சட்டென்று சுருங்குவதில்லை; இரட்டைப் பிரசவத்தில் இரத்தப்போக்குக்கு முதற்காரணம் இதுதான். மெக்னீசியமும் தசையைத் தளர்த்தும். கருப்பையைச் சுருக்க வழக்கமாகக் கைக்கு வரும் மெத்தில் எர்கோமெட்ரினை இரத்த அழுத்தம் உள்ளவருக்குப் போடக் கூடாது. அதை அந்த அறையிலிருந்தே முன்கூட்டி அகற்றிவிட்டதாக மகப்பேறு மருத்துவர் என்னிடம் சொன்னார். பதற்றத்தில் யார் கையும் அதை எட்டிவிடக் கூடாது என்பதற்காக. அந்த முன்யோசனையை இன்றும் வியக்கிறேன்.

ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், கார்போப்ரோஸ்ட் என்று வரிசையாகக் கொடுத்தும் கருப்பை இறுகவில்லை. கருப்பையை வெளியிலிருந்து தோள்வார்போல் இறுக்கிக் கட்டும் பி-லிஞ்ச் தையல் போடப்பட்டது. அதன் பிறகுதான் இரத்தம் நின்றது. இழப்பு சுமார் 1,700 மில்லிலிட்டர். நான்கு யூனிட் சிவப்பணு, நான்கு யூனிட் பிளாஸ்மா ஏற்றினார்கள். கருப்பை காப்பாற்றப்பட்டது.

## பிரசவத்துக்குப் பின்

‘பிரசவம் ஆகிவிட்டது, இனி பயமில்லை’ என்பது இந்த நோயில் பொருந்தாது. இரண்டாம் நாள் தட்டணு 41,000 வரை இறங்கி, அதன் பிறகுதான் ஏறத் தொடங்கியது. முதல் இரவில் சில மணி நேரம் சிறுநீர் மிகக் குறைந்தது. மெக்னீசியம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் அதன் வேகத்தைக் குறைத்தார்கள். நுரையீரலில் நீர் கோக்கும் என்பதால் சலைனையும் கட்டுப்படுத்தினார்கள். ஐந்தாம் நாள், எழுந்து நடக்கத் தொடங்கியபோது, இரத்த அழுத்தம் மறுபடி 158/104. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அது உச்சம் தொடுவது வழக்கம். பல பெண்கள் அதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

தட்டணு ஒரு லட்சத்தைத் தாண்டியதும் இரத்த உறைவைத் தடுக்கும் ஊசி தொடங்கி ஆறு வாரம் தொடர்ந்தது. சிசேரியன், இரட்டை, இரத்தப்போக்கு, முன்பே ஒரு மாதப் படுக்கை ஆகிய அனைத்தும் அந்த ஆபத்தைக் கூட்டியிருந்தன.

குழந்தைகளை அவர் முதன்முதலில் நேரில் பார்த்தது நான்காம் நாள். அதுவரை கணவரின் அலைபேசியில் படங்கள். தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் வந்தது. ஆறாம் நாளிலிருந்து இவரே பால் எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் இவர் விடுவிக்கப்பட்டும் வீட்டுக்குப் போகவில்லை. தாய்மார் தங்கும் அறையில் இருந்து இரு குழந்தைகளையும் மாறி மாறி மார்போடு அணைத்து வைத்துக்கொண்டார். பெண் 24-ஆம் நாளும் ஆண் 29-ஆம் நாளும் வீடு வந்தனர்.

ஆறாவது வாரம் எங்கள் நிலையத்துக்கு வந்தபோது இரத்த அழுத்தம் ஒரு மாத்திரையோடு 136/86. குழந்தைகளின் எடையைச் சொல்லும்போது பேசினார். தன்னைப் பற்றிக் கேட்டபோது அழுதார். ‘நான் ஒழுங்காகப் படுத்திருந்தால் பிள்ளைகள் நிறைமாதம் இருந்திருப்பார்களோ’ என்றார். இரவெல்லாம் கண் விழித்திருக்கிறார், குழந்தைகள் தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்றார் அவரது அம்மா. இரட்டைக் குழந்தைகளின் தாய்மாருக்குப் பேறுகால மனச்சோர்வு கூடுதலாக வருகிறது. தீவிர சிகிச்சையைக் கடந்தவர்களுக்கும் அப்படியே. மாவட்ட மனநலக் குழுவின் மருத்துவரிடம் காட்டினோம். படுத்ததாலோ எழுந்ததாலோ இது வரவில்லை என்பதை நானே மூன்று முறை, கணவர் வீட்டார் முன்னிலையில் ஒருமுறை சொன்னேன். இதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

## நாங்கள் மாற்றியவை

எங்கள் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசியபோது முதலில் எழுந்த குரல், ‘எல்லாம் நல்லபடியாக முடிந்ததே’ என்பது. முடிந்தது, ஆனால் ஒரு செவிலியரின் உள்ளுணர்வை நம்பி ஒரு நிலையம் இயங்கக் கூடாது.

இப்போது எங்கள் பகுதியில் இரட்டைக் கர்ப்பம் ஒன்று பதிவானால், 28 வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கிறோம். வர முடியாதவர்களின் வீட்டுக்குச் செவிலியர் போகிறார். அட்டையின் மேல் ஓரத்தில் முதல் வருகையின் இரத்த அழுத்தத்தைச் சிவப்பு மையில் எழுதி வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடு. ஆஸ்பிரின் வேண்டுமா வேண்டாமா, ஏன், எந்த வாரம் வரை என்பதைப் பதிவேட்டில் ஒரு மருத்துவர் கையெழுத்திட்டு எழுத வேண்டும். வெற்றிடமாக விடக் கூடாது.

கட்டுச்சோறு முடிந்து தாய்வீடு போகிறவர்களுக்கு, அனுப்பும் செவிலியரும் ஏற்கும் செவிலியரும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடப் பேச்சு. இதற்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை. பெருந்துறைப் பக்கத்துச் செவிலியர் ஒருவரே முதலில் தொடங்கினார்.

கர்ப்பிணியின் அம்மாவையும் ஒருமுறை அழைத்து வரச் சொல்கிறோம். ‘இரத்த அழுத்தம் உண்டா’ என்று கேட்பதில்லை. ‘உங்கள் பிரசவத்தில் கை கால் முகம் வீங்கியதா, ஜன்னி கண்டதா, பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா’ என்று கேட்கிறோம். முதல் மாதத்திலேயே இரண்டு பேரிடம் ‘ஆமாம்’ என்ற பதில் கிடைத்தது.

சுற்று வட்டார மருந்துக் கடைகளுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் நேரில் போய் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டோம்: வயிற்றில் பிள்ளையோடு வரும் பெண் மேல்வயிறு வலி என்றால், அமில மருந்துக்கு முன் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் மரியாதையோடு கேட்டார்கள். ஒருவர் தன் கடையில் கருவி வாங்கி வைத்துக்கொண்டார்.

பிரசவம் எங்கே என்பதை 30 வாரத்துக்குள் குடும்பத்தோடு பேசி முடிவு செய்கிறோம். நடு இரவில், வண்டி நிற்கும்போது, கணவர் தொலைபேசியில் அழும்போது அதைப் பேசக் கூடாது.

கருத்தரிப்பு மையங்களிடம் எங்களால் எதையும் மாற்ற முடியவில்லை. இரண்டு கருக்கள் வைக்கும் முன், தாய்க்கு வரக்கூடிய இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு, சிசேரியன், தீவிர சிகிச்சை ஆகியவற்றைத் தமிழில், கணவன் மனைவி இருவரும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கரு வைத்து, மற்றொன்றை உறைநிலையில் சேமித்தால் செலவு கூடும், நாளாகும். அதை அறிந்தபின் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

## இப்போதைய நிலை

மூன்றாம் மாத முடிவில் மாத்திரை இல்லாமல் இரத்த அழுத்தம் 124/80, சிறுநீரில் புரதம் இல்லை, தட்டணு இரண்டு லட்சத்து முப்பதாயிரம். இந்த நோயைக் கடந்தவர்களுக்குப் பின்னாளில் உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனநல மாத்திரை தொடர்கிறது, தூக்கம் வருகிறது.

குழந்தைகளின் அடுத்த தடுப்பூசி நாள் ஒரு புதன்கிழமை. எங்கள் செவிலியரின் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு நேராக மூன்று வரிகள் இருக்கின்றன: பெண், ஆண், தாய். மூன்றாவது வரியில் இரத்த அழுத்தம் எழுத இடம் விட்டிருக்கிறார்.